இருபத்தொரு நாளுக்கு ஒரு மனு

வெற்றிச்செல்வி அக்கா வியட்நாமுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் காலை, அவள் கடை வாசலில் பத்துக்கு ஆறு அடி அளவில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் முளைத்திருந்தது. பாஸ்போர்ட் போட்டோவில் விழித்த அதே கண்ணோடு அக்கா. அவள் தலைக்குப் பின்னால், எந்த நாட்டுடையது என்று யாருக்கும் தெரியாத ஓர் உயரக் கட்டடம். மேலே ஒரு விமானம், அக்காவின் உச்சந்தலையில் இறங்கப்போவது மாதிரி. கீழே பெரிய எழுத்தில்: 'வியட்நாம் நாட்டிற்குப் பணிக்குச் செல்லும் எங்கள் குலவிளக்கை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.' அதற்கும் கீழே பதினோரு பையன்களின் தலை. ஆறு தலைக்குக் கூலிங் கிளாஸ்.

அக்கா பூட்டைக்கூடத் திறக்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, 'பணிக்கு'ன்னு போட்டிருக்கு."

அவளுடைய அண்ணன் மணிவண்ணன் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் மைக்செட் போடுகிறவர். வீட்டில் பேசினாலும் மைக் டெஸ்டிங் மாதிரியே இருக்கும். முதல் வார்த்தையை இரண்டு தடவை சொல்லி, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவார்.

"பின்ன... பின்ன என்னான்னு போடச் சொல்ற? சுத்திப் பாக்கப் போறான்னா?"

"சுத்திப் பாக்கத்தானண்ணே போறேன்."

"மொள்ள... மொள்ள பேசு புள்ள. முப்பத்தேழு வயசுப் பொம்பள, தனியா, சொந்தக் காசப் போட்டு, சும்மா பாத்துட்டு வரப் போறான்னு வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க. வேலைக்குன்னா அதுக்கு ஒரு மரியாத. போயிட்டு வா, அப்பறம் பேசிக்கலாம்."

அண்ணனைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் வெளிநாடு என்றால் வேலை. சிங்கப்பூர் வேலை, துபாய் வேலை, குவைத் வேலை. கடன் வாங்கி, ஏஜென்டுக்குக் கட்டி, இரண்டு வருடம் காணாமல் போய், கோடாலித் தைலமும் பூப்போட்ட போர்வையுமாகத் திரும்பி வருவது. பார்த்துவிட்டு வருவதற்கு என்று பஸ் ஏறினால் ரஞ்சன்குடி கோட்டை வரைக்கும் போகலாம். அங்கேயும் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனால்தான்.

இந்த வேலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது அக்காதான். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பதினாலு வருடமாக அவளுடைய ஆன்லைன் சென்டர் இருக்கிறது. ஆதார் திருத்தம், பட்டா, ஜெராக்ஸ், லேமினேஷன், மனு தட்டித் தருவது. ஒருமுறை பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் பக்கமெல்லாம் மாறிப்போனபோது, பழகிப் பார்ப்பதற்காகத் தன் பெயரையே போட்டு ஒரு விண்ணப்பம் அனுப்பினாள். பழகிவிட்டாள். பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. லேமினேஷன் தாள் வைக்கிற டிராயருக்குள் ஏழு வருடம், ஒரு முத்திரைகூட வாங்காமல் கிடந்தது. "இன்னும் மூணு வருசத்துல இது செத்துரும்டா" என்று எதிரில் செல்போன் கவர் கடை வைத்திருக்கும் என்னிடம் ஒரு நாள் சொன்னாள். ஏதோ வளர்த்த பூனையைச் சொல்வது மாதிரி.

பிறகு அந்த வீடியோ வந்தது. "ஹாய் மக்களே!" என்று தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு பையன், முதுகில் ஆள் உயரப் பையோடு, ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாயில் வியட்நாமைச் சுற்றிக் காட்டினான். அக்கா அதை வாடிக்கையாளர் இல்லாத மத்தியானங்களில் பார்த்தாள். திருச்சியிலிருந்தே விமானம் இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். சலுகை விலை டிக்கெட்டுக்காக எட்டு மாதம் காத்திருந்தாள். விசாவைத் தன் கம்ப்யூட்டரிலேயே போட்டாள். நாளுக்கு ஆயிரத்து நூறு ரூபாய், இருபத்தொரு நாள். படுக்கைக்கு நானூற்றைம்பது, சாப்பாட்டுக்கு முந்நூறு, மீதி பஸ்ஸுக்கு. ஒரு நாள் செலவு கூடினால் மறுநாள் குறைக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

திருச்சி விமான நிலையத்துக்கு மைக்செட் வேனிலேயே போனோம். வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்டாயி அத்தை வந்திருந்தாள். பொட்டுக்கடலை உருண்டை ஒரு பை கொடுத்து, கன்னத்தை வழித்து, காதுக்குள் சொன்னாள்: "மொதலாளி அடிச்சான்னா மறைக்காத கண்ணு. ஒடனே போனப் போடு."

அக்கா சிரித்தாள். இல்லை என்று சொல்ல நேரமில்லை, வரிசை நகர்ந்துவிட்டது.

அங்கே என்ன நடந்தது என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் பொய். குடும்ப வாட்ஸப் குழுவில் முப்பத்திரண்டு பேர், எங்கள் சந்துக் கடைக்காரர்கள் குழுவில் பத்தொன்பது பேர். அக்கா இரண்டிலும் தினமும் பேசிப் போட்டாள். மூன்று நிமிடம், நாலு நிமிடம். எல்லோரும் கட்டைவிரல் போட்டோம். நானும் இருபது நொடி கேட்டுவிட்டுக் கட்டைவிரல் போட்டவன்தான். ஒரு பதிவுக்குக் கீழே யாரோ ரோஜாப்பூவில் காலை வணக்கம் வைத்தார்கள். பத்தாவது நாளோடு அவள் பேசிப் போடுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லை.

அவள் தங்கிய விடுதியில் ஒரே அறையில் எட்டுக் கட்டில், ஒன்றின்மேல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள், எந்தெந்த நாட்டிலிருந்தோ. "ஹாய், எங்கிருந்து?" என்பார்கள். "இந்தியா" என்பாள். "ஓ, நைஸ்!" என்பார்கள். திரை மூடிக்கொள்ளும். மறுநாள் அந்தக் கட்டிலில் வேறு செருப்பு கிடக்கும். ஒரு வாரத்தில் அக்கா ஆட்களைச் செருப்பை வைத்து அடையாளம் தெரிந்துகொள்ளப் பழகிவிட்டாள்.

பாஸ்போர்ட்டில் அவள் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். அதனால் போன விடுதியிலெல்லாம் அவளை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். "மிஸ் அரியமுத்து! மிஸ் அரியமுத்து, சாவி!" அவள் அப்பா அரியமுத்து உயிரோடு இருந்தவரை திருச்சி தாண்டிப் போனவரில்லை. வரப்பில் நின்று நாலு வயல் தாண்டிக் கூப்பிடுவார், குரல் அப்படி. அவர் பெயரை ஒரு சின்னப் பெண் மூக்கால் இழுத்துக் கூப்பிடும்போது, முதலில் சிரிப்பு வந்ததாம். பன்னிரண்டாவது நாள் ஒரு விடுதியில் கூப்பிட்டபோது, திரும்பிப் பார்த்துவிட்டாளாம், பின்னால் அவர் நிற்கிறாரா என்று.

இருபத்தொரு நாளும் 'வெற்றி' என்று ஒருவரும் கூப்பிடவில்லை.

டாலாட் என்ற ஊரில் குளிர். ஒரு காபி குடித்தால் பஸ்ஸுக்குக் காசு இருக்காது என்று, காபியைப் பார்த்துக்கொண்டு கடை வாசலில் நின்றுவிட்டு, நாலு கிலோமீட்டர் நடந்தாள். விடுதியில் சுடுதண்ணீர் சும்மா கிடைத்தது. அதில் அத்தை கொடுத்த உருண்டையை ஊறவைத்துத் தின்றாள். அந்த நாளில் தான் பேசிய வார்த்தைகளை இரவு எண்ணிப் பார்த்தாள். ஏழு. அதில் நாலு 'தேங்க்யூ'.

ஆனால் ஒருநாள்கூட, ஏன் வந்தோம் என்று தோன்றவில்லையாம். இதை அவள் சொல்லும்போது கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்.

இருபத்திரண்டாம் நாள் காலை அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். பத்து நிமிடத்தில் சந்து முழுக்கச் செய்தி.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போனவர் ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான். அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப்போக வேண்டும். எவ்வளவு போச்சு என்று கேட்கக்கூடாது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, 'போனா போவுது' என்று எழுந்துவர வேண்டும். அக்காவுக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகளுக்கு அவளும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

இப்போது அவளுக்கு ஆப்பிள் வந்தது. முதல் நாளே நாலு கிலோ.

ஆண்டாயி அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அழுதுகொண்டு வந்தாள். "எங்கண்ணு, எப்படி எளச்சிப் போயிட்ட! சோறு போடலியா பாவிங்க?"

"அத்த, நடந்து நடந்து எளச்சேன். நான் சுத்திப் பாக்கத்தான் போனேன். நல்லா இருந்துச்சு அத்த."

அத்தை அவள் வாயைக் கையால் பொத்தினாள். சுற்றியிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்படியே சொல்லிக்க ஆத்தா. யாரு கேட்டாலும் இதையே சொல்லு. அழுத்தமா சொல்லு" என்றாள்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் இதே கதைதான். நல்லாயிருந்தது என்று அக்கா சொல்லச் சொல்ல, கேட்டவர்களின் கண் இன்னும் கலங்கியது. என்ன தைரியம், எப்படி மறைக்கிறாள் பார் என்று வெளியே போய்ப் பேசிக்கொண்டார்கள். பேனர் வைத்த அண்ணனின் மைக்செட் பையன்களே அதை ராவோடு ராவாக அவிழ்த்துவிட்டார்கள், மரியாதைக்காக. அது இப்போது ஜெனரேட்டரை மூடியிருக்கிறது. அக்காவின் ஒரு கண் மட்டும் வெளியே தெரியும்.

அவள் நல்ல போட்டோத் தாளில் இருபது படங்கள் பிரிண்ட் எடுத்து, ஓர் ஆல்பத்தில் போட்டு, கடை மேசையில் வைத்தாள். எட்டு மாதக் காத்திருப்பும் இருபத்தொரு நாள் நடையும் அந்த ஆல்பத்தில் இருந்தன. யாராவது புரட்டுவார்கள், 'இது என்ன ஊரு?' என்று கேட்பார்கள் என்று நினைத்தாள். ஒருவர் கேட்டாலும் போதும், முதலிலிருந்து சொல்லிவிடலாம். கேட்காதவரிடம் இனி தானாக வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

வந்தவர்கள் ஆல்பத்தை நகர்த்திவிட்டு ரேஷன் கார்டை வைத்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் திறந்து, தடவிப் பார்த்தார்.

"இது லேமினேசன் எவ்ளோம்மா?"

மூன்றாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, அரங்கநாதன் சார் வந்தார். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திங்கள்தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் அவர் மனு கொடுக்காத வாரம் எட்டு வருடத்தில் கிடையாது. தெருவிளக்கு, சாக்கடை, நாய், பஸ் நிற்காமல் போனது. எல்லா மனுவும் அக்கா தட்டியதுதான். அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டுவாள். அவர் ஒரு தடவைகூடப் படித்துப் பார்த்ததில்லை. "நீ தட்டுனா சரியாத்தாம்மா இருக்கும்" என்று கையெழுத்துப் போடுவார். அவர் வாயைத் திறந்தால், பேச்சு வார் இறுக்காத தவில் மாதிரி மெதுவாக ஆரம்பிக்கும்.

"அதாவது... நான் என்ன சொல்ல வர்றேன்னா... இத சும்மா வுடக்கூடாது. இன்னிக்கி ஒனக்கு, நாளைக்கி இன்னொரு புள்ளைக்கி. மனு குடுக்குறோம். ஏஜென்ட் பேரு சொல்லு."

"ஏஜென்ட் இல்ல சார். நானேதான் போனேன்."

"பயப்படாதம்மா. பேரு மட்டும் சொல்லு."

"வெற்றிச்செல்வி."

"ஒம் பேரு தெரியும். அவம் பேரு?"

பின்னாலேயே மணிவண்ணன் அண்ணன் வந்துவிட்டார். அவர்தான் சாரை அனுப்பியிருக்கிறார். என் கடையிலிருந்து பார்த்தால் அவர் முதுகு தெரியும். அன்றைக்கு அவர் வார்த்தையை இரண்டு தடவை சொல்லவில்லை.

"வெற்றி, கேளு. ஏமாந்துட்டான்னு சொன்னா ஊரு பாவம்னு சொல்லும். அதோட போயிரும். இல்லன்னா வேற பேச்சு வரும். யாரோட போனா, எதுக்குப் போனா, இருவத்தோரு நாளு எங்க தங்குனான்னு. ஏற்கனவே ரெண்டு பேரு கேட்டுட்டாங்க. எனக்கு ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு. மனுவுல ஒரு கையெழுத்துப் போடு. அங்க குடுக்குற நம்பர் சீட்ட நான் நாலு பேருகிட்ட காமிச்சிக்கிறேன். எனக்கு வேறெதுவும் வேணாம்."

மேசையில் ஆல்பம் கிடந்தது. அண்ணனின் முழங்கை அதன் மேல் இருந்தது.

கையெழுத்துப் போட்டால், அந்த இருபத்தொரு நாளும் அரசாங்கக் காகிதத்தில் ஒரு மோசடி. போடவில்லை என்றால், அண்ணன் வீட்டு வாசலில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அண்ணனின் சின்ன மகள் பத்தாம் வகுப்பு. இந்தக் கடையில்தான் வந்து வீட்டுப்பாடம் எழுதும்.

அக்கா கம்ப்யூட்டரைத் திறந்தாள். "சொல்லுங்க சார். தட்டுறேன்" என்றாள்.

அரங்கநாதன் சார் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "அனுப்புநர் போட்டியா? பெறுநர், மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள். பொருள்... அதாவது, வெளிநாட்டு வேலை வாங்கித் தருவதாக ஆசை வார்த்தை கூறி, அபலைப் பெண்ணை..."

'அபலை'யில் அவர் குரல் தழுதழுத்தது. அக்காவின் விரல்கள் ஓடின. அவர் சொன்னதைவிட அதிகமாக ஓடின. அவர் நிறுத்தி மூச்சு வாங்கும்போதும் நிற்கவில்லை. அண்ணன் போனில் ஏதோ கல்யாண ஆர்டர் பேச வெளியே போய்விட்டார். முக்கால் மணி நேரம். இரண்டு பக்கம்.

பிரிண்டர் துப்பியது. சார் வழக்கம்போல் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, வரி நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். "சுத்தமா இருக்கு" என்றார்.

அக்கா அதில் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் அண்ணனும் சாரும் அவளைக் கூட்டிக்கொண்டு போய் மனுவைக் கொடுத்தார்கள். நம்பர் போட்ட சீட்டு கிடைத்தது. அண்ணன் அதை ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை லேமினேஷன் போட்டு வைத்துக்கொண்டார். அதுவும் அக்கா கடையில்தான், அவள் கையால்தான். சந்தில் எல்லோரும் சீட்டைப் பார்த்தார்கள். "குடுத்தாச்சா? நல்ல காரியம்" என்றார்கள். மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆப்பிள் வருவது நின்றது. பேச்சும் நின்றது. அண்ணன் நினைத்தது நடந்துவிட்டது.

அக்காவும் பழையபடி ஆனாள். பட்டா, ஆதார், ஜெராக்ஸ். ஆல்பத்தை லேமினேஷன் தாள் வைக்கிற டிராயருக்குள் வைத்துவிட்டாள். கடையில் ஆள் இல்லாதபோதுகூட வீடியோ பார்ப்பதில்லை. நான் ஒரு நாள் அரங்கநாதன் சார் மாதிரி, "அதாவது... நான் என்ன சொல்ல வர்றேன்னா... ஒரு டீ சொல்லவா?" என்று இழுத்தேன். எப்போதும் அதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அன்றைக்கு "வேணாம்டா" என்றாள்.

பதினெட்டு நாள் கழிந்தது. ஒரு மத்தியானம், பன்னிரண்டரை இருக்கும், அவள் போன் அடித்தது. கடையில் இரண்டு பேர் நின்றார்கள். நான் சில்லறை மாற்ற அங்கே போயிருந்தேன். அக்காவுக்குக் கை வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம் மேடம், வெற்றிச்செல்விங்களா? தாலுகா ஆபீஸ்லேர்ந்து பேசறேன். ஒங்க மனு எங்களுக்கு வந்துருக்குங்க." சின்னப் பெண் குரல். கிளிப்பிள்ளை மாதிரி ஒரே மூச்சில் வந்தது. ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் சொல்கிற வாக்கியம் என்று தெரிந்தது.

"ஆமாங்க."

"மனுவ முடிக்கணும்னா ஒங்ககிட்ட ஒரு வார்த்த பேசணும்ங்க. அதான்... மேடம், இதுல கோரிக்கை என்னான்னு எங்க சார் கேக்குறாங்க. ஏமாத்திட்டாங்கன்னு ஒருத்தரும் இல்ல. நஷ்டஈடு இல்ல. 'என்னை யாரும் ஏமாற்றவில்லை, நானே போனேன்'னு எழுதிருக்கீங்க. ரெண்டு பக்கம். கடைசியில பாத்தா..." காகிதம் புரளும் சத்தம். "'மேற்கண்டவற்றைத் தாங்கள் முழுவதும் படித்துப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அவ்ளோதான் கோரிக்கையா மேடம்?"

அக்கா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தாள். அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அவ்ளோதாங்க" என்றாள்.

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்தப் பெண் பெயர் ஜெயசுதா. உடையார்பாளையத்துப் பிள்ளை. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். பெரம்பலூரில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறது. "நான் படிச்சுட்டேன் மேடம். முழுசாவே படிச்சேன். அப்ப கோரிக்கை நெறவேறிடுச்சுல்ல?" என்று கேட்டதாம். மனுவை முடிக்க அவர்களுக்கு இரண்டே வழிதான்: ஏற்கப்பட்டது, தள்ளுபடி. "ஏற்கப்பட்டதுன்னே போட்டுர்றேன்" என்றதாம். அப்புறம், குரலைத் தாழ்த்தி:

"மேடம், இது ஆபீஸ் கேள்வி இல்ல. அந்தப் படகு வித்துச்சா?"

மனுவில் அந்த இடம் இப்படி இருந்தது. நகலை இப்போது நான் படித்திருக்கிறேன்:

'கான்தோ என்னும் ஊரில் விடியற்காலையில் ஆற்றின் மேல் சந்தை கூடுகிறது. எந்தப் படகில் எது விற்கிறதோ அதை ஒரு மூங்கில் கழியின் நுனியில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பூசணிக்காய்ப் படகில் பூசணி. அன்னாசிப் படகில் அன்னாசி. கூவத் தேவையில்லை. ஒரு படகின் கழியில் மட்டும் காய்ந்த ஓலை கட்டியிருந்தது. படகில் ஒரு பெண்மணியும் ஓர் அடுப்பும் தவிர வேறொன்றும் இல்லை. ஓலை கட்டினால் படகே விற்பனைக்கு என்று அர்த்தம் என என்னை ஏற்றிச் சென்ற படகுக்காரர் சைகையில் விளக்கினார். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன். எனக்கு நாளொன்றுக்கு ஆயிரத்து நூறு ரூபாய்தான் என்பதால் அவரிடம் எதையும் வாங்க என்னால் இயலவில்லை. மேற்படி இருபத்தொரு நாளில் நானாகக் கேட்காமல் என்னைப் பார்த்துக் கையசைத்தவர் அவர் ஒருவரே என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.'

அக்கா போனைப் பிடித்துக்கொண்டு, "தெரியலீங்க. மறுநாள் போய்ப் பாத்தேன். அந்த எடத்துல இல்ல" என்றாள்.

அந்தப் பக்கம் ஏதோ கேட்டது.

"ஆமாங்க, அவங்களுக்கு வூடே அதானாம்... அத வித்துட்டு எங்க போயிருப்பாங்கன்னு நானும் நெனச்சிக்கிட்டேதான் இருந்தேன்..."

நின்றுகொண்டிருந்தவரில் ஒருவர் ஆதாரை மேசையில் தட்டினார். "ஏம்மா, பஸ்ஸுக்கு நேரமாவுது."

அக்கா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். பதினாலு வருடத்தில் வாடிக்கையாளரைப் பார்த்து அவள் விரல் தூக்கி நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பக்கமும் யாரோ கூப்பிட்டுவிட்டார்கள் போல.

"சரிங்க... சரிங்க, வேலையப் பாருங்க. பதினாறு மனுவா? அய்யோ... சாயந்தரமா? பண்ணுங்க. இல்ல, இல்ல, தொந்தரவெல்லாம் இல்ல. பண்ணுங்க."

போனை வைத்தாள். ஆதாரை வாங்கி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். மீதிச் சில்லறையை இரண்டு தடவை தப்பாகக் கொடுத்தாள். சாப்பிடப் போகவில்லை. போனை சார்ஜில் போட்டுவிட்டு, அதன் முகம் தெரிகிற மாதிரி கீபோர்டுக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்தாள். நாலு மணிக்கு ஒரு மெசேஜ் வந்தது. எட்டிப் பார்த்தேன். மனு எண், தேதி, பிறகு: 'தங்கள் மனு ஏற்கப்பட்டது.' அக்கா அதைப் பார்த்துவிட்டுப் பழையபடி சாய்த்து வைத்தாள். அவள் காத்திருந்தது அதற்கு இல்லை.

ஐந்தரை. ஐந்தே முக்கால். பஸ் ஸ்டாண்டில் அரியலூர் வண்டிக்காரர் "அரியலூர் அரியலூர் அரியலூர்" என்று ஒரே சொல்லாக்கிக் கூவிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டிருக்கும். ஆறு பத்து. அக்கா எழுந்து பிரிண்டருக்குத் துணி போட்டாள். பிறகு எடுத்துவிட்டாள். 'எல்லாரும் அப்படித்தான்' என்கிற மாதிரி ஒரு தலையசைப்பு, எனக்கில்லை, யாருக்கும் இல்லை.

ஆறு இருபதுக்குப் போன் அடித்தது.

அக்கா டிராயரைத் திறந்து ஆல்பத்தை எடுத்தாள். போனில் பேசுகிறவளுக்கு ஆல்பம் தெரியாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. எழுந்துவந்து ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள். எட்டு மணிக்கு முன்னால் அந்த ஷட்டர் இறங்கி எங்கள் சந்து பார்த்ததில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்த மணிவண்ணன் அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வெற்றி... வெற்றி, என்னா புள்ள, கடைய சாத்திட்ட?"

ஷட்டருக்கு அடியில் அக்காவின் கால் மட்டும் தெரிந்தது. நாற்காலியில் சம்மணம் போட ஒரு காலைத் தூக்கி மடக்கினாள்.

"இல்லீங்க ஜெயசுதா," உள்ளேயிருந்து குரல் வந்தது, "மொதல்ல திருச்சியிலேர்ந்து சொல்றேன், அப்பதான் புரியும். எங்க அத்த ஒண்ணு, பொட்டுக்கடல உருண்ட குடுத்துட்டு என்னா சொல்லுச்சு தெரியுமா..."

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் குனிந்து ஷட்டருக்குள் எட்டிப் பார்க்கப் போனவர், பார்க்காமல் நிமிர்ந்தார். ஜெராக்ஸ் எடுக்க வேண்டிய காகிதத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, என் கடைப் படியில் உட்கார்ந்து, கேட்க ஆரம்பித்தார்.